ஏழாம் எண் பிரஷ்

குளியலறைக் குவளையில் நான்கு பிரஷ்கள் இருந்தன. வீட்டில் இருப்பதோ மூன்று பேர். கணவனுடையது நீலம், மகளுடையது முயல் தலை வைத்த மஞ்சள், அவளுடையது பச்சை. நான்காவது வெள்ளை, மலிவாகப் பெட்டி பெட்டியாக வாங்குகிற ரகம். அதன் பிடியில் மார்க்கரால் 7 என்று எழுதியிருந்தது. எழுத்து அவளுடையது. நாரிழைகளுக்கு நடுவே சாம்பல் நிற முடி நாலைந்து சிக்கியிருக்க, ஸ்பிரிட் வாசனை லேசாக அடித்தது.

வேலைக் கோட்டின் பையில் தெரியாமல் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எதற்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பவள்தான். ஆனால் ஏழாம் எண் பிரஷ்ஷை இரண்டு மாதத்துக்கு முன்பு, ஏழாம் எண் பூனை போன அன்றைக்கே, அவள் கையாலேயே ஆய்வுக்கூடத்து உலையில் போட்டு எரித்திருந்தாள். இந்த இடத்தில் மட்டும் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பிரஷ்ஷைக் காகிதத்தில் சுற்றித் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பூனைக்காரி என்று பெயர். பூனைக்கும் மனிதருக்கும் ஒன்றுபோலத் தொற்றுகிற படர்தாமரைக்குப் புது மருந்து ஒன்றை அங்கே சோதித்தார்கள். காப்பகத்திலிருந்து ஒன்பது பூனைகள் வந்தன. வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் புதுப் பல் பிரஷ்ஷால் தலை முதல் வால் வரை வாரி, அந்தப் பிரஷ்ஷை வட்டத் தட்டில் உள்ள, பூஞ்சை வளர்க்கிற கூழில் புள்ளி புள்ளியாக அழுத்திப் பதிப்பது அவள் வேலை. பத்து நாளில் புள்ளிகளில் வெள்ளைப் பஞ்சு முளைத்தால் நோய் இருக்கிறது. முளைக்காவிட்டால் பூனை யார் வீட்டுக்காவது வளர்க்கப் போகும். மருந்து முடிந்த பிறகும் அடுத்தடுத்து இரண்டு தட்டில் முளைத்தால் ஊசி போட்டு முடித்துவிட வேண்டும். அது பெரிய டாக்டர் போட்ட விதி.

மருந்து முடிந்தும் ஒன்பதின் தட்டுகளிலும் முளைத்தது. ஆனால் புள்ளிகளில் இல்லை, ஓரத்தில். தட்டைத் திறந்து பிடிக்கும்போது கையுறைக்கு மேலே அவளுடைய இடது மணிக்கட்டு உரசுகிற அதே ஓரத்தில். கடிகார வாருக்கு அடியில் சிவந்த வளையம் ஒன்று ஒரு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. பூனைகள் சுத்தமாகிவிட்டன, தட்டில் வளர்வது தன் தோல்தான் என்று அவளுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் ஆறு வாரம் வீட்டில் உட்கார வைப்பார்கள், ஆய்வில் வேறொருத்தி பெயர் ஏறிவிடும். அவள் வாயைத் திறக்கவில்லை. பதினெட்டுத் தட்டுகளுக்கும் ‘நோய் உள்ளது’ என்று எழுதினாள்.

ஊசி போட்ட அன்றைக்கு மற்ற எட்டையும் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏழுக்கு அது தேவைப்படவில்லை. சோதனைக்காக முன்னங்காலை நீட்டச் சொல்லி, நீட்டினால் தின்ன ஏதாவது கொடுத்துப் பழக்கியிருந்தாள். அன்றைக்குக் காலில் சின்னச் சதுரமாக முடியை மழித்து ஸ்பிரிட் தடவியதும் அதுவே காலை நீட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தது.

“என்னம்மா இது, தானா நீட்டுது?” என்றார் பெரிய டாக்டர்.

“நான்தான் சார் பழக்கினேன்.”

அதைச் சொன்னபோது தன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும்.

பிரஷ்ஷைக் குப்பையில் போட்ட அன்று மாலை வேலை முடிந்து வந்தபோது மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஆறு வயது. தலைமுடி எத்தனை வாரினாலும் நட்டுக்கொண்டு நிற்கும், அதனால் வீட்டில் அவள் பெயர் சிண்டு. அந்த முடி இன்று ஒரே பக்கமாக ஈரத்தோடு படிந்து கிடந்தது.

“தலைய யாருடா வாரிவிட்டா?”

“நீதானே. நான் படுத்திருந்தப்ப. பிரஷ்ஷால.”

“எப்போ?”

“மத்தியானம். நான் கூப்பிட்டேன், நீதான் பேசவே இல்ல.”

மத்தியானம் அவள் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். கணவன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான். “வீட்டுல நானும் இவளும்தான் இருந்தோம். கனவு கண்டிருப்பா. அதுக்கு நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

அவனிடம் அப்போதே எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று தோன்றியது. பிறகு, காப்பி வேண்டுமா என்று கேட்டாள்.

அடுத்த வாரமும் ஒரு நாள் சிண்டுவின் முடி அப்படிப் படிந்திருந்தது. அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை.

அதற்குப் பத்து நாள் கழித்து, புது ஆய்வுக்காக, தட்டுகளை வைத்து வளர்க்கும் இன்குபேட்டரைச் சுத்தம் செய்யத் திறந்தாள். இரண்டு மாதத்துக்கும் மேலாகக் காலியாகக் கிடக்க வேண்டிய பெட்டி. மெல்லிய உறுமலோடு வெதுவெதுப்பாக ஓடிக்கொண்டிருந்தது, ஈரத் துணியை மூடி வைத்தது போன்ற அந்தப் பழகிய வாடை முகத்தில் அடித்தது. உள்ளே இரண்டு தட்டுகள். மூடிகளில் அவள் கையெழுத்து. எண் இல்லை. சிண்டு என்று இருந்தது. கீழே தேதிகள், முடி படிந்திருந்த அந்த இரண்டு நாட்கள்.

வெள்ளைப் பஞ்சு ஒவ்வொரு புள்ளியிலும் முளைத்திருந்தது. ஓரம் சுத்தமாக இருந்தது. அடுத்தடுத்து இரண்டு தட்டு.

நோயுள்ள முடியை இருட்டில் பச்சையாகக் காட்டும் ஊதா விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினாள்.

சாயங்காலம் ஆறரை. கூடத்தில் கணவன் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். ஜன்னல் இல்லாத குளியலறைதான் வீட்டிலேயே நல்ல இருட்டான இடம். சிண்டுவை முக்காலியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

“கண்ண மூடிக்கோடா. அம்மா தலைய மட்டும் பாத்துடறேன்.”

விளக்கை அணைத்தாள். ஊதா விளக்கைப் போட்டாள். குழாய் சொட்டியது. கதவுக்கு அந்தப் பக்கம் கணவனின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

ஒன்றும் இல்லை. முடி வெறும் கறுப்பு. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பிறகு ஒரு புள்ளி. இளம்பச்சை. பக்கத்தில் இன்னொன்று. வரிசை. வரிசைக்குக் கீழே வரிசை. உச்சியிலிருந்து பிடரி வரை, பிரஷ்ஷை அழுத்தி அழுத்தி எடுத்த மாதிரி.

“சொல்லிடறேன்,” என்றாள் இருட்டைப் பார்த்து. “நான் பண்ணினதுதான். அதுங்க மேல தப்பே இல்ல. நாளைக்கே போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

குழாய் சொட்டியது.

ஸ்பிரிட் வாசனை. இப்போது பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

சிண்டு கண்ணைத் திறக்காமலே வலது கையை முன்னால் நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க, ஆடாமல், அசையாமல்.

“கைய ஏன்டா நீட்டுற? யாரு நீட்டச் சொன்னா?”

“நீதானேம்மா பழக்கின.”

ஊதா வெளிச்சத்தில் அந்தப் பிஞ்சுக் கை முழுக்கப் பூனைமுடி படர்ந்திருந்தது. முழங்கைக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் இல்லை. சின்னச் சதுரம். வழவழப்பாக மழித்து, ஈரமாக.

விளக்கு அவளுடைய இடது கையில் இருந்தது. வலது கை விரல்களுக்கு நடுவில் மெல்லிசாக, சில்லென்று, ஊசிக்குழாய் மாதிரி ஏதோ இருந்தது. குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சிண்டு கையை மடக்கவே இல்லை.