கரைக்குரல்

மூன்றாவது கச்சேரிப் பதிவிலும் அந்தச் சத்தம் இருந்தது. சுதா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அவள் புருஷன் சிவசங்கர் சாக்ஸபோனில் ஜாஸ் வாசிப்பவன். ‘கரைக்குரல்’ அவனே கட்டிய மெட்டு. ஏரியைப் பனி மூடினால், அவன் ஊரான தோணிரேவில், படகில் போனவர்களுக்குத் திசை தெரிய ஆட்கள் கரையில் நின்று கூப்பிடுவார்கள். நிறுத்திக் காது கொடுப்பார்கள். படகு கரை தட்டும்வரை மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள். அதனால் மெட்டின் நடுவிலும் ஒரு மௌனம் உண்டு. போன மார்கழியில் இவன் கச்சேரிக்குப் போய்விட, இரண்டு பேர் கழி ஊன்றும் படகைத் தனியாக எடுத்துப்போன அண்ணன் அங்கமுத்து பனிக்குள்ளிருந்து திரும்பவேயில்லை. அவருக்காகக் கட்டியது.

ஒவ்வொரு மேடையிலும் அதை வேறு மாதிரி வாசித்தான். சென்னை ஹோட்டலில் நிதானமாக. அந்த மௌனத்தில், கண்ணாடித் தம்ளர்களின் கிணுகிணுப்புக்கு அடியில், எங்கோ தொலைவில், படகு விளிம்பில் கழி தட்டும் ‘டொக்’. பெங்களூரில் டிரம்ஸோடு துள்ளலாக. ‘டொக்’ மட்டும் துள்ளவில்லை, அதே நிதானத்தில், கொஞ்சம் பக்கத்தில், தண்ணீர் அலம்பும் ஓசையோடு. மீஞ்சூர் மண்டபத்தில் ஒற்றை ஆளாக. இந்தமுறை வெகு கிட்டத்தில், யாரோ மூச்சு வாங்குவதும் கேட்டது.

விடிந்தும் விடியாத நேரம். ஏரிக்கரை வீட்டின் ஜன்னலில் பனி வெள்ளையாக அப்பியிருந்தது. ஏரிச்சேற்றின் வாடை வீட்டுக்குள் வந்திருந்தது. சிவசங்கர் பாயில் உட்கார்ந்து சாக்ஸபோனை எடுத்தான்.

"வாணாங்க. இங்க வாசிக்காதீங்க. அது கிட்ட வந்துகினே கீது."

"அது எங்கண்ணன், சுதா. பாதியில வுட்டா படகு திசை தப்பிடும்."

"வந்து இன்னா பண்ணுவாரு? அந்தப் படகுக்கு ரெண்டாள் வேணும்ல?"

அவன் வாசிக்கத் தொடங்கினான்.

மெட்டு மௌனத்துக்கு வந்து நின்றது. சுதா அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். யார் வந்தாலும் இவனை விடமாட்டாள்.

டொக்.

வாசற்படியில்.

கதவிடுக்கில் பனி நுழைந்தது. பாய் நனைந்தது. அவள் பிடியிலிருந்த கை சில்லிட்டது. வழுக்கியது.

"ஏங்க?"

விரலிடுக்கில் சேறு.

பாயில் அவன் இல்லை. சாக்ஸபோன் மட்டும் கிடந்தது. வாசிக்க உதடு இல்லை. விரல் இல்லை. பித்தளை மூடிகள் தாமாக அமுங்கின. எழுந்தன. அமுங்கின. அதே கூப்பாடு.

பிறகு மௌனம்.

ஏரியில் இப்போது இரண்டு கழிகள் தட்டும் சத்தம். கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.