காணாமல் போன வலது கால்கள்

சில்லுவின் கழுத்தில் எப்போதும் ஒரு பென் டிரைவ் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றி வைப்பாள். அதற்குள் முப்பத்து நான்கு குட்டி மென்பொருள்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலைதான் செய்யும். ஆனால் அந்த வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும்.

ஒன்று படத்தைச் சின்னதாக்கும். ஒன்று நூறு கோப்புகளுக்கு ஒரே மூச்சில் பெயர் மாற்றும். எதையும் கணினியில் நிறுவ வேண்டாம். பென் டிரைவைச் செருகிச் சொடுக்கினால் போதும்.

"மூணு எம்பிக்கு மேல போனா அது மென்பொருளே இல்ல, மூட்டை!" என்பாள் சில்லு.

"பெரிய ஆராய்ச்சிதான், போ" என்பான் அண்ணன். அவன் ஆடும் விளையாட்டு ஒன்றே அறுபது ஜிபி. அதையும் அம்மாவின் கணினியில்தான், அம்மாவுக்குத் தெரியாமல் போட்டு வைத்திருந்தான்.

வீட்டின் முன்னறைதான் அம்மாவின் பட்டறை. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஷூ செய்வது அம்மாவின் தொழில். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர் பாதத்தைச் சரியான நிலையில் பிடித்துக்கொள்வார். ஒரு கருவி அதைப் படமெடுக்கும். அந்தக் கோப்பு அம்மாவின் கணினிக்கு வரும். மூலையில் இருக்கும் வெட்டும் இயந்திரம் அதைப் பார்த்து, ஷூவுக்குள் வைக்க ஒரு மெத்தையைச் சீவி எடுக்கும். அந்த மெத்தை அந்தக் காலுக்கு மட்டும்தான் பொருந்தும்.

அன்று விடுமுறை. இயந்திரம் 'ர்ர்ர்' என்று ஓடி ஓர் இடது கால் மெத்தையை முடித்தது. வலது காலுக்குப் போகும்போது சட்டென்று நின்றது. 'கணினியில் இடமில்லை' என்று திரையில் எழுத்து வந்தது.

"அட ராமா, இப்பவா?" அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணுமே! சரி, நாலு மணிக்கு வந்து பார்த்துக்கறேன். ஆறு மணிக்கு ஜெட் வந்துடுவா. அதுக்குள்ள அவளோட வலது கால் மெத்தையை முடிச்சாகணும்."

ஜெட் அடுத்த தெருவில் இருக்கும் பஸ் ஓட்டுநரின் மகள். இரண்டாம் வகுப்பு. அவளது வலது பாதம் உள்பக்கமாக வளைந்திருக்கும். பத்து அடி நடந்தால் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஆனாலும் 'ஜெட்' என்ற பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டாள். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

மறுநாள் அவள் பள்ளியில் மிருகக்காட்சி சாலைக்குச் சுற்றுலா போகிறார்கள். போன வருடமும் போனார்கள். அப்போது எல்லாரும் யானையையும் புலியையும் பார்த்துக்கொண்டிருக்க, ஜெட் மட்டும் நாள் முழுக்கப் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அம்மா போனதும் சில்லுவுக்குக் கை துறுதுறுத்தது. 'அம்மா வர்றதுக்குள்ள இடம் பண்ணி வெச்சுட்டா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!'

பென் டிரைவைச் செருகினாள். எது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று காட்டும் மென்பொருளை ஓட்டினாள். திரையில் பாதியை ஒரே ஒரு சிவப்புக் கட்டம் நிரப்பியது. அது அண்ணனின் விளையாட்டு.

"ஏய், அதைத் தொடாத! இன்னும் ரெண்டே லெவல்தான் பாக்கி. அம்மாகிட்ட சொல்லாத, ப்ளீஸ்" என்று அண்ணன் கெஞ்சினான்.

"சரி, சரி. அழாத." சில்லு வேறு வழி பார்த்தாள். ஒரே கோப்பு இரண்டு முறை இருந்தால் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. அதில் இரண்டு வகைத் தேடல் உண்டு. முழுத் தேடல் கோப்புகளுக்குள்ளே படித்துப் பார்க்கும். நாற்பது நிமிடம் ஆகும். வேகத் தேடல் பெயரையும் அளவையும் மட்டும் பார்க்கும், நான்கே நொடி.

சில்லு எதைத் தேர்ந்தெடுத்திருப்பாள் என்று சொல்லவும் வேண்டுமா?

நான்கு நொடியில் தொண்ணூற்று இரண்டு இரட்டைகள் வந்து நின்றன. "அடேங்கப்பா!" என்றாள். 'குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டாம், நேராக அழி' என்பதில் டிக் அடித்தாள். பொத்தானை அழுத்தினாள். வேலை முடிந்தது.

தன் கைவண்ணத்தைப் பார்க்கலாம் என்று, கணினியில் அம்மா பாதக் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் பெட்டகத்தைத் திறந்தாள். உள்ளே இரண்டு உறைகள், அதாவது ஃபோல்டர்கள். 'இடது' என்ற உறையில் தொண்ணூற்று இரண்டு கோப்புகள். 'வலது' என்ற உறையில் ஒன்றுமே இல்லை.

சில்லு அந்த உறையை மூடி மறுபடி திறந்தாள். அப்போதும் ஒன்றுமே இல்லை.

அம்மா ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுப்பாள். இடது காலுக்கும் அதே எண், வலது காலுக்கும் அதே எண். எந்தப் பாதமாக இருந்தாலும் அந்தக் கருவி ஒரே அளவுக் கோப்பைத்தான் கொடுக்கும். பெயரும் ஒன்று, அளவும் ஒன்று. உள்ளே இருந்ததுதான் வேறு வேறு கால்கள்.

"அண்ணா!" அவள் குரல் கீச்சென்று வந்தது. "எல்லாருடைய வலது காலையும் அழிச்சுட்டேன்!"

அண்ணன் ஓடி வந்தான். விஷயம் தெரிந்ததும் திரையை உற்றுப் பார்த்தான். "திரும்பப் படம் எடுக்க முடியாதா?"

"அந்த டாக்டர் மாசத்துக்கு ஒருநாள்தான் வருவார். போன வாரம்தான் வந்துட்டுப் போனார்." என்றாள் சில்லு. "நாளைக்கும் ஜெட் பஸ்ஸிலயே உட்காரணும். என்னாலதான்."

அம்மாவுக்கு இரண்டு முறை ஃபோன் செய்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் அம்மா ஃபோனை அணைத்துவிடுவாள்.

"இரு, அழிஞ்ச ஃபைலை மீட்கிற மென்பொருள் ஒண்ணு இருக்கு. நானூறு எம்பி. இப்பவே இறக்கி நிறுவிடறேன்" என்று அண்ணன் சுட்டியைப் பிடித்தான்.

"வேண்டாம்! கையை எடு!" சில்லு போட்ட சத்தத்தில் அவன் பயந்தே போனான். "அழிச்ச ஃபைல் உடனே போயிடாது. அந்த இடம் காலியா இருக்குன்னு கம்ப்யூட்டர் எழுதி வெச்சுக்கும், அவ்வளவுதான். இப்ப புதுசா எதையாவது உள்ள போட்டா, அது நேரா ஜெட்டோட காலுக்கு மேல போய் உட்கார்ந்துடும்!"

முதலில் இணைய வயரைப் பிடுங்கினாள். எதுவும் தானாக வந்து இறங்கிவிடக் கூடாது அல்லவா? பிறகு பென் டிரைவில் இருந்த மீட்பு மென்பொருளை அங்கிருந்தபடியே ஓட்டினாள். அது ஒரு எம்பிகூட இல்லை. கிடைப்பதையெல்லாம் பென் டிரைவிலேயே எழுதச் சொன்னாள்.

குட்டியாக இருந்தாலும் இந்த முறை அது அவசரப்படவில்லை. பத்து சதவீதம். பதினொன்று. இருபதில் வந்து அசையாமல் நின்றது. சில்லு நகத்தைக் கடித்தாள். கடிக்க நகம் தீர்ந்ததும் சட்டைக் காலரைக் கடித்தாள். மணி இரண்டரை ஆனது.

"நின்னுபோச்சா?" என்றான் அண்ணன்.

"வாயைக் கழுவு!"

கடைசியில் ஒரு வழியாக நூறைத் தொட்டது. எண்பத்தொன்பது கோப்புகள் கிடைத்தன. மூன்று போனது போனதுதான். கிடைத்தவற்றிலும் பழைய பெயர்கள் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் வரிசை எண்கள்தான் இருந்தன. எது யாருடைய கால்?

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். பெரிய கால், பட்டைக் கால், ஒல்லிக் கால் என்று போய்க்கொண்டே இருந்தது. சின்னக் குழந்தைகளின் வலது கால் மொத்தம் நான்கு. நான்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. அளவெல்லாம் எழுதிய சீட்டோ அம்மாவின் பையில் இருந்தது.

"ஏதாவது ஒண்ணை எடுத்து ஜெட்டோட எண்ணைப் போட்டு வெச்சுடு" என்றான் அண்ணன். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நாம தப்பிச்சோம்."

சில்லு ஒரு நிமிடம் யோசித்தாள். தப்பித்துவிட வேண்டும் என்று அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வேறு யாருடைய காலுக்கோ செய்த மெத்தையை மிதித்துக்கொண்டு, நாளை முழுக்க ஜெட் நடப்பதை நினைத்துப் பார்த்தாள்.

"நாம தப்பிச்சுடுவோம். அவ கால்?" என்றாள். எழுந்து ஒரு பெரிய தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஜெட் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பைக்குள் பிஸ்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சில்லுக்கா! என் ஷூ ரெடியா?"

 சில்லு மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். "இல்ல ஜெட். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உன் வலது காலைக் கம்ப்யூட்டர்ல தொலைச்சுட்டேன்."

ஜெட் குனிந்து பார்த்தாள். "இங்கதானே இருக்கு?"

"அது இல்லடி, அதோட படம்! நாலு படம் கிடைச்சிருக்கு. அதுல உன்னோடது எதுன்னு தெரியல. அதனால உன் கால் எனக்கு வேணும்."

"கழற்றித் தர முடியாதே."

சில்லுவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஜெட்டின் காலை நனைத்துத் தாளில் வைக்கச் சொன்னாள். ஈரம் காய்வதற்குள் தடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். ஜெட்டுக்குக் கூச்சம் தாங்காமல் முதல் இரண்டு தாள்கள் வீணாகிவிட்டன. மூன்றாவது தாளில்தான் ஐந்து விரல்களும் ஒழுங்காகப் பதிந்தன.

"நாளைக்கு நான் நடப்பேன்ல?" என்று கேட்டாள் ஜெட்.

"அம்மா வந்ததும் எப்படியாவது..." என்று தொடங்கிய சில்லு, மேலே சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு ஓடினாள்.

ஜெட்டுக்குக் கட்டைவிரலைவிட அதன் பக்கத்து விரல் நீளம். திரையில் இருந்த நான்கு கால்களில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. அது முப்பத்தெட்டாம் எண். அதன் நீளமும் தாளில் இருந்த தடத்தின் நீளமும் சரியாக இருந்தன.

அம்மாவின் வண்டிச் சத்தம் கேட்டது. சில்லு வாசலுக்கே போய் நின்றாள். அம்மா ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள்.

அம்மா ஹெல்மெட்டை அவள் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். அதைத்தான் சில்லுவால் தாங்க முடியவில்லை. நாலு திட்டு திட்டினாலாவது பரவாயில்லை!

அம்மா பையிலிருந்து அளவுச் சீட்டை எடுத்தாள். முப்பத்தெட்டாம் எண்ணைத் திறந்து குதிகாலை அளந்தாள், நடுப்பாதத்தை அளந்தாள், வளைவை அளந்தாள். மறுபடியும் முதலிலிருந்து அளந்தாள்.

"இது ஜெட் கால்தான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "எனக்கு உயிரே போயிடுச்சு, தெரியுமா?"

"எனக்கும்தான்மா" என்று சில்லு அழுதாள்.

"அழுதது போதும். மத்தவங்க காலை நான் அளவு பார்த்துக் கண்டுபிடிச்சுக்கறேன். கிடைக்காம போன அந்த மூணு பேருக்கும் நீயே ஃபோன் பண்ணி மன்னிப்பு கேட்கணும். அடுத்த மாசம் அவங்க திரும்ப வரணும்ல?" அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "சரி, இந்தக் காலையெல்லாம் திரும்ப உள்ள வெச்சா இடத்துக்கு எங்க போறது?"

அண்ணன் மூன்று முறை தொண்டையைச் செருமினான். பிறகு வந்து உட்கார்ந்து, தன் அறுபது ஜிபியைத் தன் கையாலேயே அழித்தான். அவன் முகத்தை அப்போது பார்க்கச் சகிக்கவில்லை.

இயந்திரம் மறுபடி 'ர்ர்ர்' என்றது. ஆறு மணிக்கு ஜெட் வந்தபோது மெத்தை ஷூவுக்குள் இருந்தது. ஜெட் மாட்டிக்கொண்டு நான்கு அடி வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு போய்விட்டாள். நாளெல்லாம் நடந்தால் தாங்குமா? அது யாருக்குத் தெரியும்?

மறுநாள் பள்ளியில் சில்லுவுக்கு ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை. கோப்பு பாதி கெட்டுப்போயிருந்தால்? மெத்தை காலை உறுத்தினால்? ஜெட் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தால்? மாலை வீட்டுக்கு வந்தும் வாசலைவிட்டு நகரவில்லை.

ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் ஜெட் தெரிந்தாள். விந்தி விந்தி வந்தாள்.  சில்லு ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"கால் வலிக்குதா ஜெட்?"

"ஆமா! யானை, புலி, ஒட்டகச்சிவிங்கி எல்லாத்தையும் நடந்தே பார்த்தேன். குரங்கை மட்டும் ரெண்டு தடவை!" ஜெட்டின் முகமெல்லாம் பல். "எங்க வகுப்புல எல்லாருக்கும் கால் வலிக்குதாம். எனக்கு ரெண்டு காலும் ஒரே மாதிரி வலிக்குதுக்கா!"