பின் இருக்கையின் எடை

பிடியிலிருந்து கையை எடுத்ததும் விமானம் மூக்கைத் தூக்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு நூலளவு. ஆனால் எடைமேடைக்காரருக்கு நூலளவுதான் பிழைப்பு. நாள் முழுக்க லாரிகளை மேடையில் ஏற்றி, சுமையோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை, நடுவில் நிற்கும் வித்தியாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிற மனிதர், மாலை ஆறு மணிக்கு முகம் கழுவி, பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு விமானி ஆகிவிடுவார்.

நிஜ விமானத்துக்கு எங்கே போவது? மூன்று திரைகள், காயலான் கடையில் வாங்கிய ஒரு கார் சீட்டு, ஸ்டியரிங்கைப் பாதியாக வெட்டினாற்போல் ஒரு பிடி, வலது தொடையோரம் ஒரு சிறு சக்கரம். மனைவியின் அண்ணன், கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர், ஓய்வு நேரத்தில் சேர்த்துக் கட்டிக் கொடுத்த சிமுலேட்டர் அது. ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் என்ன விளையாட்டு என்று தெருவில் கேட்காத ஆளில்லை. அவர் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

இரட்டை இன்ஜின் விமானம் அது. சிறகுக்கு ஒரு புரொப்பல்லர், உள்ளே ஆறு சீட்டு. இரண்டு புரொப்பல்லரும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் காதுக்குள் வூம்... வூம்... என்று ஓர் அலை அடிக்கும். நெம்புகோலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால் அந்த அலை நீண்டு, சோம்பி, கடைசியில் ஒரே ரீங்காரமாக அடங்கும். அதற்குப் பிறகு டிரிம். விமானம் மூக்கைத் தூக்கினாலோ தொங்கப்போட்டாலோ பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், தோள் கழன்றுவிடும். தொடையோரச் சக்கரத்தை மெல்ல உருட்டினால் அந்தப் பாரத்தை விமானமே வாங்கிக்கொள்ளும். கையை எடுத்துவிட்டு டீ குடிக்கலாம். அவருக்கு அதுதான் சொர்க்கம்.

நேற்று வரை சக்கரத்தின் வெள்ளைக் கோடு நடுவில் நின்றால் போதும். இன்று இரண்டு கோடு முன்னால் தள்ள வேண்டியிருந்தது. மச்சானுக்குப் போன் போட்டார்.

"வால் பக்கம் கனம் ஏறியிருந்தா அப்படித்தான் மூக்கைத் தூக்கும் மாப்ள. பின் சீட்டுல யாரையாவது ஏத்திட்டீங்களா?"

"நான் ஒருத்தன்தானே போறேன்!"

"என் தங்கச்சிக்குத் தெரியாம யாரையாவது கூட்டிட்டுப் போறீங்களோ என்னவோ," என்று சிரித்துவிட்டு, எடைப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார் மச்சான்.

திறந்தார். ஆறு கட்டங்கள். விமானி: எழுபத்துநான்கு கிலோ. மற்றதெல்லாம் பூஜ்யம். கடைசி வரிசையின் இடது கட்டத்தில் மட்டும், இரண்டு.

மேடையில் இப்படி நடப்பதுண்டு. லாரிச் சக்கரத்துச் சேறு தட்டில் படிந்துபோய், விடியற்காலையில் ஒன்றுமே ஏறாதபோதும் பத்து, இருபது கிலோ காட்டும். சேற்றைச் சுரண்டிக்கொண்டு எவன் நிற்பது? பொத்தானைத் தட்டி எடைகாட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு முதல் லாரியைக் கூப்பிடுவார். சேறு அங்கேயேதான் இருக்கும். எடைகாட்டி அதை மறந்துவிடும், அவ்வளவுதான். இருபத்தைந்து வருடப் பழக்கம். ரெண்டு கிலோதானே என்று சக்கரத்தை உருட்டி, பாரம் கையை விட்டுப் போனதும் அதை மறந்தார்.

முன்னறையில் மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். யார் எவ்வளவு பெருத்தார்கள் என்ற புள்ளிவிவரம் அங்கிருந்துதான் வெளியே போகும்.

"கேப்டன் ஐயா, கீழே இறங்கிச் சாப்பிட வர்றீங்களா?"

அவர் இறங்குவதேயில்லை. மூன்று முறை முயன்று, மூன்று முறையும் ஓடுதளத்துக்கு முந்திய வீடுகளின் மேல் விமானத்தைப் போட்டவர். அந்த அவமானத்துக்குப் பிறகு ஆகாயத்திலேயே நிறுத்தி, சேமித்துவிட்டு எழுந்துகொள்வார். மறுநாள் விட்ட இடத்திலிருந்து பறப்பார். அந்த ஒரே பயணம் நாற்பது நாளாகத் தரையைத் தொடாமல் போய்க்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது அவள் இடுப்புப் பட்டியை இழுத்துக் காட்டினாள். "பாருங்க, ரெண்டு விரல் உள்ள போகுது. மாடிப்படி ஏறி இறங்கினதுக்குப் பலன்."

"நல்லது," என்றார்.

அடுத்த வாரம் கட்டத்தில் ஒன்பது. அதற்கடுத்த வாரம் பதினான்கு. மனைவி உடுப்பையெல்லாம் பிரித்துப் பிரித்து உள்ளே பிடித்தாள். தெருப் பெண்கள் அளவு கொடுக்க வருகிற சாக்கில், என்ன சாப்பிடுகிறாய் என்று குடைந்தெடுத்தார்கள். "ஒண்ணுமில்ல, மூணு வேளையும் சோறுதான்," என்று அவள் சொன்னதை ஒருத்தியும் நம்பவில்லை. குளியலறை எடைக்கருவியில் ஏறி நின்று, "நாப்பத்தேழு!" என்று கத்தினாள்.

எடைமேடைக்காரர் வாயில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் எப்போதும் அறுபத்தொன்று. அறுபத்தொன்றில் பதினான்கு போனால் நாற்பத்தேழு. சுமையோடு ஒன்று, காலியாக ஒன்று. காகிதம் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மேடையிலிருந்து முத்திரை போட்ட இருபது கிலோ இரும்புக்கட்டியைத் தூக்கிவந்து எடைக்கருவியில் வைத்தார். சரியாக இருபது. டாக்டர் அவளிடம் ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்த வயதில் இப்படி மெலிய எல்லாருக்கும் வாய்க்காது என்று பாராட்டி அனுப்பினார்.

அன்று மாலை பின்னறைக்குப் போய், கடைசி வரிசைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டார். முன்னறையில் ஏதோ சரிந்து விழுந்தது. ஓடிப் பார்த்தால், நூல்கண்டுகளுக்கு நடுவில் அவள் கிடந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை, மூக்கில் காற்றும் இல்லை. திரும்பி ஓடி, பதினெட்டு என்று தட்டினார். சற்று முன் அதில் இருந்த எண்.

முன்னறையிலிருந்து இருமல் கேட்டது. "என்னங்க, தலை சுத்திடுச்சு போலிருக்கே..."

அத்தோடு சிமுலேட்டரை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, போர்வை போட்டு மூடினார். நான்கு நாள் அந்த அறைப் பக்கம் போகவில்லை. எடைக்கருவி மட்டும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்திரண்டு. இருபத்தொன்று. அவள் மாடிப்படி இறங்கும் சத்தம் வீட்டில் நின்றுபோனது. காலையில் எழுந்து பார்த்தால் மெத்தையில் அவர் பக்கம் பள்ளம், அவள் பக்கம் போட்டது போட்டபடி. மின்விசிறியைக் கூட்டி வைத்தால் மேஜையின் விளிம்பை அவள் பிடித்துக்கொள்வதை அவர் பார்த்தார். அதைப் பிடித்துக்கொள்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. முகம் பழைய முகம். கன்னம்கூட ஒட்டவில்லை. எடை மட்டும்தான் இல்லை.

ஏறியவர்கள் இறங்க வேண்டுமென்றால் விமானம் தரைக்கு வர வேண்டும். அவருக்குத் தோன்றிய வழி அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே நல்ல வெயில். போர்வையை எடுத்தார், ஒயரைச் செருகினார். விட்ட இடத்தில் விமானம் நின்றிருந்தது. அசைய ஆரம்பித்ததுமே மூக்கு எழும்பியது. திரை ஓரத்தில் திறந்துவைத்த எடைப் பக்கத்தில் நாற்பத்தாறு. சக்கரத்தை முன்னால் உருட்டினார். உருட்டினார். முட்டி நின்றது. அதற்குமேல் டிரிம் இல்லை.

மிச்சப் பாரம் கைக்கு வந்தது.

இரண்டு கையாலும் பிடியை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டார். ஒரு கையை எடுத்தால் மூக்கு மேலே போகும், வேகம் செத்துப்போகும், விமானம் கல்லாக விழும். முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். ஓடுகிறது என்றால் அவள் இருக்கிறாள்.

ஓடுதளம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு நாடா. புரொப்பல்லர்கள் இரண்டும் ஒன்றாய் இசைந்து ஒரே ரீங்காரம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம். மெல்லிசாக. இழுத்து, விட்டு. முதுகுக்குப் பின்னால், வெறும் சுவர் இருக்கிற இடத்தில், யாரோ மூச்சு விட்டார்கள். அந்த மூச்சின் அளவு அவருக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்டது.

ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து.

"இறக்கிடறேன்," என்று முணுமுணுத்தார். "இதோ இறக்கிடறேன்மா."

முன்னூறு அடி. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

ஐம்பத்தொன்பது.

தையல் மெஷின் நின்றது.

காலடிச் சத்தம் இல்லை. கதவுத் திரைச்சீலை அசையவில்லை. ஆனால் திரையின் ஓரக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, அவர் தோளுக்குப் பக்கத்தில். சிரித்தபடி.

"மெஷின் என்னமோ மக்கர் பண்ணுதுங்க. நீங்க என்ன, இப்படி வேர்த்துக் கொட்டுறீங்க?"

தோளில் கை வைத்தாள். வைத்ததைப் பார்த்தார். உணரவில்லை.

அறுபத்தொன்று.

"ஓ, இதுதானா அது? அண்ணன் போன்ல சொன்னாரு. பின் சீட்டுல என்னமோ தப்பா ஏறியிருக்கு, பூஜ்யம் போட்டா சரியாயிடும்னு."

"தொடாதே."

"உங்களுக்குத்தான் கை ஒழியலையே. இருங்க, நானே போடறேன்."

"தொடாதேடி!"

அவள் குனிந்தாள். கீபோர்டில் பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தாள். அவரால் பிடியை விட முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுத்தினாள். பட்டன் இறங்கவில்லை.

மறுபடியும் அழுத்தினாள். இரண்டு விரல். பிறகு உள்ளங்கை முழுவதும், தோளைச் சாய்த்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டு. நகம்கூட வெளுக்கவில்லை.

"என்னங்க இது," என்றாள், சிரிப்பு மாறாமல், அவரை நிமிர்ந்து பார்த்து. "எவ்வளவு அழுத்தினாலும் இறங்க மாட்டேங்குது?"

அவர் பலம்கொண்ட மட்டும் தள்ளியும் மூக்கு எழும்ப, திரையில் ஓடுதளம் மெல்லக் கீழே நழுவி மறைந்தது. மூன்று திரையிலும் வானம். அவள் கால் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியிருந்தது. அவள் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்.