நீலத்துக்குப் போன பந்து

வாலு தூங்கி எழுந்து, பாதிக் கண்ணைத் திறந்தபடி குளியலறைக்குப் போனாள். டமாலென்று சுவரில் முட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கும் இடிச்சுக்கிட்டியா?" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நான் இடிக்கலைம்மா. சுவர்தான் வந்து இடிச்சது!"

வாலு மேல் தப்பில்லை. பழைய வீட்டில் குளியலறை இடது பக்கம். இந்த வீட்டில் வலது பக்கம். வந்து மூன்று வாரமாகியும் அவள் கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அம்மா மட்டும் என்னவாம்? கரண்டி எடுக்கிறேன் என்று தினமும் துணி வைத்திருக்கும் இழுப்பறையைத்தான் திறக்கிறார்.

வாலுவின் அப்பா கால்பந்து வீரர். மைதானத்தின் நடுவில் நின்று, பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி முன்னால் ஓடுகிறவர்களுக்குக் கொடுப்பது அவர் வேலை. எந்த கிளப் கூப்பிடுகிறதோ அந்த ஊருக்குக் குடிபோக வேண்டும். அவருக்கு இது ஒன்பதாவது கிளப். பத்து வயது வாலுவுக்கு ஆறாவது வீடு. அடிக்கடி பெட்டி கட்டுவதால், கூட ஆடுகிறவர்கள் அப்பாவை 'பெட்டிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வாலுவுக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். அதில் ஆறு வீடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டுக் கதவைத் திறந்தால் இன்னொரு வீட்டின் மாடிப்படி இருக்கும். அதில் ஏறினால் வேறொரு வீட்டின் ஜன்னல் வரும். ஜன்னலுக்கு வெளியே பெரிய புல்வெளி. அங்கே அப்பா மட்டும் பந்தை மெல்ல உருட்டிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருப்பார். சத்தமே இருக்காது.

விழித்ததும் எந்த வீட்டில் இருக்கிறோம் என்று புரியக் கொஞ்ச நேரமாகும். அதுவரை நீலப் போர்வையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். போன வீட்டில் இருந்த நாலு வருடமும் கூடவே இருந்த போர்வை அது.

ஆனாலும் இந்த வீடு அவளுக்குப் பிடித்திருந்தது. பள்ளியில் ஒரு தோழி தினமும் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறாள். அப்படி ஒருத்தி கிடைக்க வழக்கமாக ஆறு மாதமாவது ஆகும்.

போன சனிக்கிழமைதான் வம்பு வந்தது.

புதிய கிளப்புக்காக அப்பாவின் முதல் ஆட்டம். இவர்களுக்கு மஞ்சள் சட்டை, எதிரணிக்கு நீலச் சட்டை. அப்பா அழகாகத் திரும்பினார், அழகாகத் தட்டினார். பந்து புல்லில் வழுக்கிக்கொண்டு போய், ஒரு நீலச் சட்டைக்காரரின் காலடியில் சமர்த்தாக நின்றது. அவரால் நம்பவே முடியவில்லை. அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓடிப்போய் கோல் போட்டுவிட்டார்.

"வர்ற சனிக்கிழமையும் நீலச் சட்டைதான். இந்தத் தடவை என் பழைய கிளப்பேதான்" என்றார் அப்பா, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி. "இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா, வெளியே உட்கார வெச்சுடுவாராம் கோச்."

"வெளியே உட்கார வெச்சா என்னாகும்?"

அம்மா திரும்பி, படிக்கட்டுக்குக் கீழே மடித்து வைத்திருந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். வாலுவுக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் ஒரு வீடா?

"ஏன்ப்பா அவர்கிட்டப் போய்க் கொடுத்தீங்க?"

"பந்து காலுக்கு வரதுக்கு முன்னாடியே பின்னால ஒரு தடவை திரும்பிப் பார்த்துப்பேன். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். அதுல முகம் தெரியாது, நிறம்தான் தெரியும். நாலு வருஷமா நீலத்துக்கே கொடுத்துக் கொடுத்துப் பழகின கால் இது. மஞ்சள், மஞ்சள்னு சொல்றேன். கேட்டாத்தானே?"

"என் கால் மாதிரியே!" என்றாள் வாலு.

சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலில் நீலத் திரை. அப்பா கையில் நீலக் கோப்பை. நாற்காலியில் நீலத் துண்டு. எல்லாம் பழைய வீட்டிலிருந்து வந்தவை.

"அப்பா, எழுந்ததுல இருந்து நீலத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா கால் பாவம், என்ன பண்ணும்?"

மறுநாளே வேலை தொடங்கியது. திரையும் கோப்பையும் பெட்டிக்குள் போயின. அம்மா மஞ்சள் துணி வாங்கித் திரை தைத்தார். தோழி தன் மஞ்சள் மழைக்கோட்டைக் கொடுத்தாள்.

மாலையில் கூடத்தில் பயிற்சி. அப்பா சுவரைப் பார்த்து நின்று பஞ்சுப் பந்தை உதைப்பார். அது திரும்பி வருவதற்குள் பின்னால் ஒரு பார்வை. அங்கே மழைக்கோட்டு போட்ட வாலுவும், நீலத் துண்டு போர்த்திய அம்மாவும் சத்தமில்லாமல் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். பந்து மஞ்சளுக்கு வர வேண்டும். அம்மாவுக்குப் போனால் அம்மாவுக்கு ஒரு பிஸ்கட்.

முதல் நாள் அம்மா ஏழு பிஸ்கட் தின்றார்.

"உங்கப்பா மாதிரி நல்ல மனுஷர் உண்டா?" என்றார் வாய் நிறைய.

புதன்கிழமை மூன்று. வியாழக்கிழமை ஒன்று. வெள்ளிக்கிழமை ஒன்றுமே இல்லை. அம்மாவின் முகம் தொங்கிப்போனது.

விளையாடிய களைப்பில் வாலு மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். கண் சொருகும் நேரம், தொப்பென்று பந்து அவள் மடியில் வந்து விழுந்தது. அப்பா ஏதோ நினைவில் தட்டிவிட்டிருந்தார்.

"போச்சு! மறுபடியும் நீலத்துக்கு" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாலு போர்வையைப் பார்த்தாள். அம்மா போர்த்தும் துண்டைத் தவிர, வீட்டில் மிச்சமிருந்த நீலம் அது ஒன்றுதான்.

"இதையும் பெட்டியில போட்டுடலாம்" என்றாள். ஆனால் கை போர்வையை விடவில்லை.

"வேண்டாம்டா. அது உன்னோடது" என்றார் அப்பா.

வாலு யோசித்தாள். போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி யோசித்தாள்.

"அம்மா, திரைத் துணி மீதி இருக்குல்ல? இதுக்கு உறை தெச்சுத் தர்றீங்களா? உள்ளே நீலம் பாட்டுக்கு இருக்கட்டும். வெளியே மஞ்சள் போதும்."

அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மைதானத்தில் லேசாகப் பனி மூட்டம். புல்வெளி கனவில் வருவது போலவே இருந்தது. வாலு மஞ்சள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நகம் கடித்தாள்.

அப்பாவை நோக்கிப் பந்து வந்துகொண்டிருந்தது. பின்னால் நீலச் சட்டையில் அவருடைய பழைய நண்பர். நாலு வருடப் பழக்கதோஷத்தில் அவர் கையைத் தூக்கி, "பெட்டிக்காரரே, இங்க!" என்று கத்தினார்!

அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாலு மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பந்து மஞ்சளுக்குப் போனது.

கோல் விழுந்ததா என்று கேட்கிறீர்களா? இல்லை, கம்பத்தில் பட்டு வெளியே போய்விட்டது. ஆட்டமும் சமனில் முடிந்தது. ஆனால் அன்று முழுக்க ஒரு பந்துகூட நிறம் மாறிப் போகவில்லை. விசில் ஊதியதும் அப்பா ஓடிப்போய் அந்த நீலச் சட்டை நண்பரைக் கட்டிக்கொண்டார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அடுத்த வாரமும் நீங்கதான் நடுவுல" என்றார் கோச்.

அன்றிரவு வாலுவுக்கு அதே கனவு. இந்த முறை அப்பா நின்று, திரும்பி, பந்தை அவளுக்குத் தட்டிவிட்டார்.

காலையில் அந்தக் கனவு கலையாமலே எழுந்து நடந்தாள். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் முழுசாக விழிப்பு வந்தது.

"என்னடி, இன்னிக்குச் சுவர் வந்து இடிக்கலையா?" அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்.

வாலு வாயில் நுரையோடு குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். எப்படி வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கால்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.