தினம் ஒன்றரை லிட்டர்

தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் சுபாஸ்ரீக்குப் புரியவில்லை. காலையில் பானெட்டைத் திறந்து, என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் கோடு வரைக்கும் கூலன்ட் ஊற்றுவாள்; மறுநாள் காலையில் பார்த்தால் டப்பா துடைத்து வைத்த மாதிரி காய்ந்து கிடக்கும். ஒழுகுகிறது என்றால் கொண்டாப்பூர் அபார்ட்மெண்டின் பேஸ்மென்ட் தரையில் ஒரு சொட்டாவது ஈரம் தெரிய வேண்டாமா? அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் ராத்திரி முழுக்க விரித்து வைத்தும் பார்த்தாயிற்று. அட்டை மொறமொறவென்று அப்படியே இருந்தது.

நாலாம் நாளிலிருந்து கூலன்டை விட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீரையே ஊற்ற ஆரம்பித்தாள். தினம் ஒன்றரை லிட்டர். ஆறு வயது டீசல் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய குட்டி எஸ்யூவி, சின்னச் சின்னப் படுத்தல் இருக்கத்தான் செய்யும் என்று புனேயில் ப்ராஜெக்டில் மாட்டிக்கொண்டிருந்த கணவன் தினேஷ் போனில் சொன்னான். படுத்தலா? சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்கும். மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு இஷ்டத்துக்கு வந்து வந்து போகும். ஏசியைப் போட்டால் முதல் நிமிஷம் பாசி வாடை. மழைக்குப் பிறகு ஏரிக்கரையில் அடிக்குமே, அந்த வாடை. அங்கே உட்கார்ந்துகொண்டு அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பின்சீட்டில் மகள் ஹர்ஷிதாவை வைத்துக்கொண்டு குகட்பள்ளி ஸ்கூலுக்குப் போய் வருகிறவள் இவள்தானே.

ஸ்கூலுக்கு இரண்டு தெரு தள்ளி ஷெட் வைத்திருந்தார் முகமது யூசுப் பாய். பூர்வீகம் ஆம்பூர், முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்ததில் அவர் தமிழுக்குள் உள்ளூர் உருது, ஆமாவுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ, ஏனுக்குக் கைக்கு என்று குடியேறிவிட்டது. ஹோஸ் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஆயில் மூடியைத் திறந்து விரலால் தொட்டு வெளிச்சத்தில் காட்டினார்.

"ஹெட் கேஸ்கெட் போயிருந்தா தண்ணி ஆயில்ல கலந்து மோர் மாதிரி நிக்கணும்மா. இது கிளீனா இருக்குது. வெள்ளப் புகையும் இல்ல."

"அப்ப தண்ணி எங்க போகுது பாய்?"

பாய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். யாரும் அவ்வளவு தூரம் இழுக்க மாட்டார்கள்; சுருள் தீர்ந்துபோய் இனி வராது என்கிறவரை இழுத்தார். கடைசி ஒரு சாண் செம்பழுப்பாக இருந்தது. தட்டினதும் காய்ந்த வண்டல் பொடியாக அவர் மடியில் உதிர்ந்தது.

"ஹவ். முங்கின வண்டி. வெள்ளத்துல ஏரித்தண்ணிக்குள்ள கெடந்தத கழுவித் தொடச்சு வித்துட்டானுங்க. கைக்கும்மா இத வாங்கினீங்க, ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

அப்புறம் பின்சீட்டு பெல்ட்டுகளையும் இழுத்துப் பார்த்தார். வலதுபக்கத்தில் அதே வண்டல். இடதுபக்கத்தது மட்டும் புத்தம்புதுசு. அதற்கு அடியில், சீட்டு மடிப்புக்குள், பழைய பெல்ட்டின் துண்டு ஒன்று நான்கு விரல் நீளத்துக்கு மிச்சம் இருந்தது. கத்தியால் அவசரமாக அறுத்த நுனி. ஹர்ஷிதா தினமும் உட்காருகிற இடம் அது.

"ஏன் பாய் இது ஒண்ணு மட்டும் புதுசு?"

பாய் கதவைச் சாத்தினார். "நக்கோம்மா. கேக்காதீங்க. வித்துடுங்க."

விற்கிறவரைக்கும் ஓட்டித்தானே ஆக வேண்டும் என்றாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: சூட்டு முள் சிவப்புக்கு ஏறினால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகப் போடணும், என்ஜின் சூடு காற்றோடு உள்ளே வந்துவிடும், என்ஜின் தப்பிக்கும். நடுரோட்டில் மட்டும் ஆஃப் பண்ணக் கூடாது, இந்த வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. நடுவில் வெள்ளிக்கிழமை ஒன்று இருந்தது.

ஏப்ரல் மாதம், அரைநாள் ஸ்கூல். பன்னிரண்டரை மணிக்கு ஹர்ஷிதாவை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் பாதி ஏறியதும் போக்குவரத்து நின்றுவிட்டது. முன்னால் ஒரு வாட்டர் டேங்கர், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் ஆட்டோவும் பைக்கும் ஒட்டிக்கொண்டு நிற்க, வெயில் கண்ணாடியில் வெள்ளையாக அடித்தது. ஹாரன் சத்தம் எங்கோ தூரத்தில் மாதிரி கேட்டது. அதற்கு அடியில் என்ஜினின் டக டக, ஒரு தடவை தவறி, மறுபடி டக டக. ஸ்டியரிங்கின் நடுக்கம் முழங்கைவரை ஏறியது. முள் பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. காலையில் தண்ணீர் ஊற்றினோமா? ஊற்றினோம், கோடு வரைக்கும் ஊற்றினோம்.

சிவப்பைத் தொட்டுவிட்டது.

"ரெண்டே நிமிஷம்டா கண்ணா, கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்கோ." ஏசியை அணைத்தாள். ஹீட்டர் குமிழை முழுக்கத் திருப்பினாள்.

சூடாக வரவில்லை. ஜில்லென்ற காற்று, கூடவே அந்தப் பாசி வாடை, இந்தத் தடவை நாக்கில் உட்காருகிற அளவுக்குக் கனமாக. காற்று வருகிற துவாரங்கள் இருமின. பச்சையாக, மெல்லிசாக, தண்ணீர் வழிந்தது. ஆனால் முள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று ஒரு பெருமூச்சுகூட விட்டுவிட்டாள், பாவம். உள்ளே ஏதோ டியூப் விட்டிருக்கிறது, கார்ப்பெட் நனைந்தால் நனையட்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வெயிலில் போட்டால் காய்ந்துவிடும்.

"அம்மா," என்றாள் பின்னாலிருந்து ஹர்ஷிதா. வீட்டில் தமிழ், வாயைத் திறந்தால் தெலுங்கு. "அம்மா, நீள்ளு."

திரும்பிப் பார்த்தாள். குழந்தையின் ஷூ இரண்டும் தெரியவில்லை. கலங்கின தண்ணீர் சீட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் தன் கால் மரத்துப்போயிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குமிழைத் திருப்பினாள். அது சுற்றிக்கொண்டே இருந்தது. சாவியைத் திருப்பி உருவினாள். என்ஜின் நிற்கவில்லை. சாவி கையில் இருக்க, வண்டி ஓடிக்கொண்டிருந்தது, நடுக்கமே இல்லாமல், வாங்கின நாளிலிருந்து கேட்டிராத ஒரு சீரான முனகலோடு.

கதவு திறக்கவில்லை. பூட்டு திறந்த சத்தம் கேட்டது, ஆனாலும் திறக்கவில்லை. தோளால் மோதினாள். வெளியே காற்று இல்லை, ஒரு ஏரியே சாய்ந்துகொண்டு நிற்கிறது என்பதுபோல் கதவு அவளைத் திருப்பித் தள்ளியது.

"அண்ணா! பையா!" என்று கத்திக்கொண்டு ஜன்னலை அறைந்தாள். ஒரு சாண் தூரத்தில் பைக்கில் ஒருவன். கண்ணாடிப் பக்கம் குனிந்தான். நேராக அவள் கண்ணைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணாடியில் முகம் பார்த்து முடியைக் கோதிவிட்டுக்கொண்டான். அவள் உள்ளங்கை அறைகிற இடத்திலேயே அவன் பார்வை நின்றது. அவனுக்குப் பின்னால் தார் ரோடு கானலாக நெளிந்தது.

தண்ணீர் மடிக்கு வந்துவிட்டது. நாற்பது நாள் ஊற்றினாலும் அறுபது லிட்டர்தானே? இவ்வளவு எங்கிருந்து?

இரண்டு சீட்டுக்கும் நடுவே புகுந்து பின்னால் போய் விழுந்தாள். ஹர்ஷிதா அழவில்லை, பயத்தில் விக்கிக்கொண்டிருந்தாள். பெல்ட் பொத்தானை அமுக்கினாள். வரவில்லை. மறுபடி. வரவில்லை. அம்மா தாயே, வந்துவிடு. கழன்றது. குழந்தையை வாரித் தூக்கினாள். தண்ணீர் நெஞ்சுக்கு. கழுத்துக்கு. வெளிச்சம் பச்சையாகிவிட்டது. ஹாரன் சத்தம் நின்றுவிட்டது, என்ஜின் மட்டும்.

"மேல பாரு. மேல மட்டும் பாரு கண்ணா."

இரண்டு கையாலும் கூரைக்குத் தூக்கிப் பிடித்தாள். கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண். ஒரு முகத்துக்கு இடம். அவள் முகம் உள்ளே போய்விட்டது. பரவாயில்லை. குழந்தை மூச்சு விட்டால் போதும்.

கலங்கலில் கண்ணைத் திறந்தாள்.

பக்கத்தில் இன்னொரு பிள்ளை. ஹர்ஷிதா உயரம்தான். அதன் தலையும் அதே கூரையை முட்டியிருந்தது. அதையும் யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். வளையல் போட்ட கைகள். அவள் தோளில் இடித்தன.

ஒரு சாண் நான்கு விரலாயிற்று.

அந்தக் கைகளில் ஒன்று பிள்ளையை விட்டது. துழாவியது. ஹர்ஷிதாவின் உச்சந்தலையைத் தேடிப் பிடித்து, கீழே தள்ளப் பார்த்தது.

வேண்டாம். ஐயோ, வேண்டாம்.

இரண்டு விரல்.

சுபாஸ்ரீயும் ஒரு கையை எடுத்தாள். அந்த இன்னொரு பிள்ளையின் சின்னத் தலைமேல் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது.

அழுத்தினாள்.