பாட்டரி இறங்கும் வீடு

சாவியைத் திருகியதும் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அம்பாசிடர் அசையவில்லை. முந்தாநாள் போட்ட புது பாட்டரி. இதற்கு முன் போட்டது ஒரு வாரம் தாங்கியது. இது இரண்டு நாளைக்கே வாயைப் பிளந்துவிட்டது. இன்னாசிராஜுக்கு எரிச்சலாக வந்தது. மைன்ஸ் எலக்ட்ரீசியன் வண்டியிலேயே கரண்ட் எங்கே போகிறதென்று தெரியவில்லை என்றால் ஷிஃப்டில் சிரிக்க மாட்டார்களா?

மழை பெய்து விட்டிருந்த சாயங்காலம். மரம் சாய்ந்து தெருவில் கரண்ட் இல்லை, பாட்டரியைச் சார்ஜ் போட வழியில்லை. பாதி க்வார்ட்டர்ஸ் காலியாகிவிட்ட பிளாக், வண்டியைத் தள்ளிவிடக்கூட ஆளில்லை. ஷெட்டுக்குள் பெட்ரோலும் பழைய ரெக்சினும் நெடியடிக்க, கூரையிலிருந்து தண்ணீர் சொட்ட, தூரத்தில் மைன்ஸ் கன்வேயர் ஓயாமல் இரைய, எல்லாவற்றுக்கும் நடுவே அடுப்படியில் அவன் மனைவி மரியபுஷ்பம் டீ ஆற்றும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் போதும் அவனுக்கு.

போன மாதம் இதே வண்டியில்தான் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தான். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். வடக்குத்து ஊரைத் தாண்டும்போது பின்சீட்டில் அவள் மூச்சு நின்றுபோனது. அவன் அழுதுகொண்டே ஓட்டினான், மாதாவைக் கூப்பிட்டான். வண்டி ஷெட்டுக்குள் நுழைந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்து, "வூடு வந்துட்டுதாங்க?" என்றாள். அன்றிலிருந்து அவள் கை மட்டும் ஜில்லென்றே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். ஆள் இருக்கிறாளே.

பாட்டரியின் எர்த் கேபிளைத் தளர்த்திக்கொண்டே, "புஷ்பம், டீ ஆச்சா?" என்றான்.

"ஆத்திக்கினு இருக்..."

கேபிள் கையோடு வந்தது. அதற்கும் டெர்மினலுக்கும் நடுவே டெஸ்ட் லாம்பை மாட்டினான். எல்லாம் ஆஃபில் இருக்கும் வண்டியில் அது எரியக் கூடாது. எரிந்தது.

"...கேங்க" என்றாள் அவள்.

லைனில் கை வைக்குமுன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது மைன்ஸ் பழக்கம். பைக்குள் ஃபியூஸ் இருக்கிறவரை யாரும் கரண்ட் கொடுத்துவிட முடியாது. வண்டியில் இருந்த இரண்டையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டான். லாம்ப் எரிந்தது. ஹாரன் ஒயரைக் கழற்றினான், ஹெட்லைட், டைனமோ, கடைசியில் செல்ஃப் ஸ்டார்ட்டர் ஒயரையும். கரண்ட் எடுத்துக்கொள்ள வண்டியில் இனி ஒன்றுமே இல்லை. லாம்ப் எரிந்தது. கொஞ்சம் கூடி, கொஞ்சம் குறைந்து, மறுபடி கூடி. தூங்குகிறவர்களின் மூச்சு மாதிரி.

அவன் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

டெர்மினலிலிருந்து லாம்பின் கிளிப்பை எடுத்தான். டீ ஆற்றும் சத்தம் நின்றது.

வைத்தான். கேட்டது.

எடுக்கக் கை வரவில்லை. ஆனால் லாம்ப் தானாகவே மங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள். பிறகு சிவப்பு.

"ஏ...ங்...க..."

பின்வாசலில் வந்து நின்றாள். கையில் டம்ளர். ஒரு கால் படிக்கு வெளியே, காற்றில். டம்ளர் சாய்ந்து கொதிக்கிற டீ அவள் பாதத்தில் ஊற்றியது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கண் இமைக்கவில்லை.

"ஐயோ, புஷ்பம்!"

லாம்ப் அணைந்தது.

அவளை இன்னொரு தடவை இழக்க அவனால் முடியாது. செத்த பாட்டரியிலிருந்து கிளிப்பைப் பிடுங்கித் தன் உள்ளங்கையில் கவ்வவிட்டான்.

லாம்ப் எரிந்தது.

தூக்கிய கால் தரையில் ஊன்றியது. விரல் நுனி மரத்தது அவனுக்கு. அவள் ஓர் அடி வைத்தாள். முழங்கை மரத்தது. இன்னோர் அடி. மார்புக்குள் ஏதோ தடுக்கி, நின்று, தயங்கி அடித்தது. லாம்ப் பளீரென்று வெளுத்தது.

அவன் கிளிப்பை விடவில்லை.

புஷ்பம் சிரித்தபடி பக்கத்தில் வந்து அவன் கையைத் தொட்டாள். அவள் கை கதகதவென்று இருந்தது.

"இன்னாங்க, இப்பிடி ஜில்லுன்னு இருக்கீங்க?"