பலாமரத்து மோகினி

ஓடையில் குடத்தை முக்கிவிட்டு நிமிர்ந்தாள் கண்ணாயி. எதிர்க்கரைப் பாறையில் ஒரு மோகினிப் பேய் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தது...

வெள்ளைச் சேலை. முழங்கால் வரை தலைமுடி. வெளிறிப்போன முகம். வேறு பெண்ணாக இருந்தால் குடத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். ஆனால் இவள் மலைமேல் வளப்பூர் நாட்டுச் செங்கோடனின் மகள். கரடியையே அதட்டி விரட்டியவள். பேயை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஏனுங்க, மூஞ்சில பூசியிருக்கறது அரிசி மாவுங்களா?"

பேய் அவசரமாகப் பீடியை மறைத்தது. "ஆமாங்க அம்மிணி."

"யுத்த காலத்துல கஞ்சிக்கே அரிசியக் காணோம். அதை இடிச்சு மூஞ்சில அப்பிக்கிட்டு உக்காந்திருக்கறீங்களே..."

பேய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அலறுவாள் என்று பார்த்தால், அரிசிக்குக் கணக்குக் கேட்கிறாள்.

அந்தப் பேயின் பெயர் ராசப்பன். அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்காரன். நாடகத்தில் ஏழு வருஷமாக வேலைக்காரன் வேஷம்... உதை வாங்கி ஊரைச் சிரிக்க வைக்கிற வேஷம். இப்போது சேலத்திலிருந்து ஒரு சின்ன சினிமாக் கம்பெனி, காமிராவைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்திருந்தது. பேய்ப்படம், அதோடு சிரிப்புப் படம். மோகினியாக நடிக்க ஒரு நடிகையை அழைத்துவரக் கம்பெனிக்கு வசதியில்லை. கற்றாழை நாரைக் கறுப்பில் தோய்த்து ராசப்பன் தலையில் கட்டிவிட்டார்கள். மீசையை எடுக்க மாட்டேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றதால், மீசைமேல் மட்டும் மாவு இரண்டு பூச்சு. கேலிக்கூத்துதான். ஆனால் ராசப்பனுக்கு அது விளையாட்டில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது தன்னைப் பார்த்து நாலு பேர் நடுங்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை.

மதியம் படப்பிடிப்பைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. டைரக்டர் அப்பாசாமி, காமிரா முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியை மாட்டி, இது நடுராத்திரி என்று அறிவித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணாயி மெல்ல ராசப்பன் பக்கம் வந்து நின்றாள்.

"பேய்க்கு நெழல் விழுதுங்களே..."

"அது நிலா வெளிச்சத்து நெழலுங்க."

"பேய்க்கு நெழலே கெடையாதுன்னு சொல்லுவாங்க."

ராசப்பன் யோசித்தான். இதை டைரக்டரும் யோசிக்கவில்லை, காமிராக்காரரும் யோசிக்கவில்லை. "அம்மிணி, இதை வெளியில சொல்லிப்போடாதீங்க" என்றான். அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அவனுக்குக் கொஞ்சம் பிடித்தும் போனது... அதை அவன் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

அடுத்தது பேய் பறக்கிற காட்சி. கயிறு பிடிக்க வந்த ஆள் குளிர்காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். செங்கோடன், தன் மகளே பிடிப்பாள் என்றார். பழுத்த பலாவை வெட்டி அப்படியே போட்டால் சிதறிவிடும் என்று, அந்த மலையில் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குவார்கள். கண்ணாயி இறக்கிய பழம் ஒன்றுகூட உடைந்ததில்லை. அவள் பலாமரத்துக் கவையில் ஏறி உட்கார்ந்து, கயிற்றைக் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"பழம் மாதிரி பதமா எறக்கறேன். பயப்படாதீங்க."

யுத்தத்தால் பிலிமுக்குத் தட்டுப்பாடு. ஒரே தடவைதான் எடுக்க முடியும். ராசப்பன் காற்றில் மிதந்து வந்தான்... கைகளை விரித்தான், கண்களை உருட்டினான். கீழே ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒரு கிழவர் கும்பிட்டார். ராசப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயப்படுகிறார்கள்!

அப்போதுதான் மழை வந்தது. மலை மழை, சொல்லிவிட்டா வரும்? மாவு கரைந்து கழுத்தில் வழிந்தது. ஆளுயரத்தில் மரத்தடிக்கு வந்தவன் அண்ணாந்து பார்த்தான். கயிறு சடக்கென்று தளர்ந்தது. மோகினி தலைகுப்புறச் சேற்றில் விழுந்தது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

ராசப்பன் எழுந்தபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன. ஏழு வருஷத்து ஆசை ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"சிரிச்சுத்தானே கவுத்தை உட்டீங்க? பலாப்பழம் எறக்கற கைக்கு மனுசனோட அருமை எங்க தெரியப்போகுது" என்றான்.

கண்ணாயி மரத்திலிருந்து இறங்கிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். மகளைச் சொன்ன சொல் செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனி ஆள் எவனும் இனி என் காட்டில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

தை மாதம் சேந்தமங்கலத்துக் கூடாரக் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. அதில் இல்லாத தப்பு கிடையாது. ஒரே பலாமரம் மூன்று காடுகளில் வந்தது. பேய் வாயை மூடிய பிறகும் பேய்ச் சிரிப்பு கேட்டது. பறக்கும்போது கயிறு பளிச்சென்று தெரிந்தது. ஜனங்களோ கொட்டகை மணலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடுங்கினார்கள். பேய் சேற்றில் விழுந்ததும், நடுங்கிய அதே ஜனங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். யுத்தம், பஞ்சம் எல்லாம் அந்த ஒரு நொடியில் மறந்துபோயிற்று. பெரிய கம்பெனியின் பளிங்கு மாளிகைப் படங்கள் கொடுக்காத சந்தோஷம் அது. பயமும் சிரிப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று ராசப்பனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. விழுந்தது நல்லதற்கே என்று நினைத்துக்கொண்டான்.

நாலாம் நாள்தான் திரையின் மேல் மூலையைக் கவனித்தான். இலைகளுக்கு நடுவே ஒரு முகம்... காமிராவுக்குள் வந்திருக்கவே கூடாத முகம். இன்னொரு தடவை எடுக்க வழியில்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. ராசப்பன் மட்டும் படம் போகிற வரைக்கும் தினமும் வந்து அந்த மூலையையே பார்த்தான்.

படம் ஊரைவிட்டுப் போன மறுநாள் காலையில் மலையேறினான்.

கண்ணாயி ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். யாரோ என்று திரும்பியவள் அவனைக் கண்டதும் அசையாமல் நின்றுவிட்டாள். அவன் மடியிலிருந்து ஒரு துண்டுப் பிலிமை எடுத்து நீட்டினான். அறுந்த பிலிமை ஒட்டும்போது கொட்டகை ஆபரேட்டர் வெட்டிப்போட்ட துண்டு. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னான். பார்த்தாள். குட்டியாக ஒரு மோகினி, ஒரு கயிறு, மேலே பருப்பளவுக்கு அவள் முகம்.

"கவுறு தெரியுதுங்களே..." என்றாள் மெதுவாக.

"உங்க மூஞ்சியும் தெரியுதுங்க. ஊரே சிரிக்குது. நீங்க மட்டும் சிரிக்கலீங்க, அம்மிணி. தெரியாம என்னென்னமோ பேசிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க." அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான். "கொட்டாயில எல்லாரும் பேயப் பாத்தாங்க. நான் உங்களைத்தான் பாத்தேன். இப்பக் கண்ண மூடினாலும் நீங்கதான் வாரீங்க. உங்களை எனக்கு அத்தனை புடிச்சிருக்குங்க... ஒண்ணு மட்டும் வெளங்கலை. சிரிக்காம ஏனுங்க கவுத்தை உட்டீங்க?"

கண்ணாயி பிலிமை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மிளகுக்கொடி இலைகள் காற்றில் சலசலத்தன. அவள் காது மடல் சிவந்திருந்தது.

"காலையிலிருந்து மாவைத்தானுங்க பாத்துக்கிட்டிருந்தேன். மழையில அது கரைஞ்சு... மொத மொதல்ல உங்க மூஞ்சி தெரிஞ்சுது. நீங்க அண்ணாந்து என்னைப் பாத்தீங்க. கையில கவுறு இருக்கறதே மறந்துபோச்சு."

ராசப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

அவள் பிலிம் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். தன்னைத் திட்டியதில் நியாயம் இருந்தது என்று அப்பனிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். பிறகு இலைகளுக்கு நடுவிலிருந்து, திரையில் பார்த்த அதே கண்களால் அவனை ஒருமுறை பார்த்தாள்.

"உங்கூரு பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கு வந்து கேளுங்க..." என்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மாவு பூசாம வாங்க."